புளூ ஜேஸ்: எந்த ஆட்டத்தில் மாட்டிக்கொண்டீர்கள்?

தொடங்கியவர், ஸ்காபரோ

கிரிக்கெட்டில் வளர்ந்த நாங்கள் எப்படி இந்தப் பேஸ்பாலுக்குள் வந்து விழுந்தோம் என்று எங்கள் வீட்டில் அடிக்கடி வாக்குவாதம் நடக்கும். என் மனைவிக்கு இன்றும் இது ஃபுல் டாஸை மட்டும் அடிக்கிற விளையாட்டு. ஆகவே கேட்கிறேன்: ரொறன்ரோ புளூ ஜேஸ் அணியிடம் எந்த வருடம், எந்த ஆட்டத்தில் மாட்டிக்கொண்டீர்கள்? புள்ளிவிவரம் எங்கும் கிடைக்கும். அப்போது எங்கே இருந்தீர்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை எழுதுங்கள்.

என்னைப் பிடித்தது வானொலி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நகர மையத்தில் ஓர் உணவகத்தின் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தலைமைச் சமையல்காரர் போர்த்துக்கீசர். ஆட்டம் நடக்கும்போது வானொலியை யார் தொட்டாலும் கரண்டியைத் தூக்குவார். அதில் டாம் சீக்கின் குரல். எனக்கு ஆங்கிலம் அரைகுறையாகப் புரிந்த காலம். ஆனால் பந்து மட்டையில் பட்டதும் அவர் குரல் எழும் விதத்தை வைத்தே, அது எல்லைச் சுவரைத் தாண்டுமா, பிடிபடுமா என்று சொல்லிவிடலாம். 1977இல் அணி ஆடிய முதல் ஆட்டத்திலிருந்து 2004 வரை 4,306 ஆட்டங்களை ஒன்றுகூட விடாமல் வர்ணித்த மனிதர் அவர். தந்தை இறந்தபோதுதான் அந்தத் தொடர்ச்சி அறுந்தது.

1993 அக்டோபர் 23, சனிக்கிழமை இரவு. வேர்ல்ட் சீரிஸ் என்கிற இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, நம் அணி அடிக்கும் முறை. பிலடெல்பியா 6–5 என முன்னிலை. நம் ரிக்கி ஹெண்டர்சனும் பால் மோலிட்டரும் பேஸில், அதாவது ஓட்டப் பாதையின் நிறுத்தங்களில், நிற்கிறார்கள். பந்து வீசுபவர் மிட்ச் வில்லியம்ஸ், அடிப்பவர் ஜோ கார்ட்டர். சமையலறையில் யாரும் அடுப்பைக் கவனிக்கவில்லை. பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டியதும், அதுவரை என்னோடு வேலையைத் தவிர வேறு எதுவும் பேசாத அந்தச் சமையல்காரர் ஈரக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தார். பேஸில் நின்ற இருவரோடு அடித்தவரும் சேர்ந்து மூன்று ரன், 8–6. வேர்ல்ட் சீரிஸ் ஒரு ஹோம் ரன்னோடு முடிந்தது வரலாற்றில் அது இரண்டாவது முறைதான். முதலாவது 1960இல் பில் மசரோஸ்கி அடித்தது. அதற்கு மேல் ஓர் ஆட்டம் இந்த அணிக்கு இல்லை என்பது என் கட்சி.

மூத்தவர் ஒருவர், எற்றோபிக்கோ

தம்பி, உங்களுக்கு விருந்து மட்டும்தான் கிடைத்திருக்கிறது. அடுப்பு மூட்டியவர்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும்.

நான் பார்க்கத் தொடங்கியது ஏரிக்கரையில் இருந்த பழைய எக்சிபிஷன் மைதானத்தில். அது பேஸ்பாலுக்கென்று கட்டப்பட்டதே அல்ல. அணியின் முதல் ஆட்டமே, 1977 ஏப்ரல் 7 அன்று, பனி மூடிய தரையில்தான் நடந்தது. அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். 1982 வரை அங்கே பியர் விற்கத் தடை, ஆகவே குளிரைத் தாங்க ஒரு வழியும் இல்லை என்று என் கனேடிய நண்பர்கள் புலம்புவார்கள். வாயில் எதுவும் படாத எனக்கும் அந்தக் காற்று எலும்புக்குள் இறங்கியது. ஏரிக்கரை என்பதால் கடற்காகங்கள் வேறு.

அந்தக் காகக் கதை தெரியாதவர்களுக்காக. 1983 ஆகஸ்ட் 4. நியூயார்க் யாங்கீஸ் அணியின் டேவ் வின்ஃபீல்ட், இன்னிங்ஸ்களுக்கு நடுவே பயிற்சிக்காக எறிந்த பந்து தரையில் நின்ற ஒரு கடற்காகத்தின் மேல் பட்டு அது செத்துப்போனது. ஆட்டம் முடிந்ததும் ரொறன்ரோ போலீஸார் அவரை நிலையத்துக்கு அழைத்துப்போய், விலங்குகளைக் கொடுமைப்படுத்தினார் என்று வழக்குப் பதிந்தார்கள். மறுநாளே வழக்கைக் கைவிட்டார்கள் என்பது வேறு விஷயம். வேண்டுமென்றே எறிந்தாரா என்று கேட்டதற்கு, இந்த வருடம் முழுக்க அவர் எறிந்த லட்சணத்தைப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்கமாட்டீர்கள் என்ற பொருளில் பதில் சொன்னார் அவருடைய மேலாளர் பில்லி மார்ட்டின். அதற்குப் பிறகு வின்ஃபீல்ட் இங்கே வந்தபோதெல்லாம் ரசிகர்கள் கைகளைச் சிறகுபோல அடித்துக் கேலி செய்வார்கள். நானும் அடித்திருக்கிறேன், சொல்ல என்ன வெட்கம்.

அதே ஆளை 1992 பருவத்துக்காகப் புளூ ஜேஸ் சேர்த்துக்கொண்டது. வயது நாற்பது. அந்த அக்டோபரில் அட்லாண்டாவில் வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டம் சமநிலையால் பதினோராவது இன்னிங்ஸுக்குப் போய், மூன்றில் இரண்டு பேர் அவுட் ஆன நிலையில், இடது கோட்டை ஒட்டி அவர் அடித்த டபுள்தான் (அடித்தவரை இரண்டாவது பேஸ் வரை கொண்டுபோகும் அடி) இரண்டு ரன் கொடுத்தது. 4–3. கனடாவுக்கு வந்த முதல் வேர்ல்ட் சீரிஸ் கோப்பை காகத்தைக் கொன்றவர் கையால் வந்தது. அந்த ஆட்டத்தின் கடைசி அவுட்டை முதல் பேஸில் பிடித்தவர் யார் தெரியுமா? உங்கள் ஜோ கார்ட்டர்தான்.

டேவ் ஸ்டீபை மறக்க வேண்டாம். எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது அடித்துவிட்டு பேஸை அடையும் வாய்ப்பைக்கூட, கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசி முடிப்பதை நோ-ஹிட்டர் என்கிறார்கள். 1988 செப்டம்பரில் அடுத்தடுத்துத் தொடங்கிய இரண்டு ஆட்டங்களிலும், ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் எடுத்து, கடைசி ஆளிடம் ஹிட் கொடுத்தார். 1989இல் அதே கட்டத்தில் இன்னொன்று போனது. அன்று ஒருவரைக்கூட பேஸுக்கு விட்டிருக்கவில்லை. கடைசியில் 1990 செப்டம்பர் 2 அன்று கிளீவ்லாண்டில் சாதித்தார். இன்றுவரை இந்த அணியின் ஒரே நோ-ஹிட்டர் அதுதான்.

மார்க்கத்திலிருந்து

அண்ணா, ஐயா, இருவரும் கோப்பைகளை வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். 1993க்குப் பிறகு 2015 வரை இந்த அணி ஒருமுறைகூட பிளேஆஃப் பக்கம், அதாவது பருவம் முடிந்து கோப்பைக்காக நடக்கும் அக்டோபர் சுற்றுப் பக்கம், போகவில்லை. 1991இல் பேஸ்பால் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு பருவத்தில் 40 லட்சம் பேரை இழுத்த நம் ஸ்கைடோம் மைதானம், என் பதின்ம வயதில் பாதி காலியாகக் கிடந்தது. அந்தக் கூட்டம் எங்கே போயிற்று என்று உங்கள் தலைமுறையைத்தான் கேட்க வேண்டும்.

காலி மைதானத்தில் ஒரு சௌகரியம் உண்டு. அப்பா மலிவு டிக்கெட் வாங்கி எங்களை 500 என்று எண்ணிட்ட மேல் அடுக்கில், வானத்துக்குப் பக்கத்தில் உட்காரவைப்பார். அம்மா கட்டிக்கொடுத்த ரோல்ஸ் மூன்றாவது இன்னிங்ஸுக்குள் தீர்ந்துவிடும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பந்து தெரியாது, ஆனால் நம் பந்துவீச்சாளர் ராய் ஹாலடே வீசும் நாள் என்றால் தெரியும். ஆட்டம் சட்டென்று முடிந்துவிடும். வளவளவென்று நேரம் கடத்தமாட்டார். தரையில் உருளும் பந்துகளாக அடிக்கவைத்து, மூன்று மூன்று பேராக வீட்டுக்கு அனுப்புவார்.

அவர் கதையை அப்பா எனக்குப் பரீட்சைக் காலங்களில் சொல்வார். 2000இல் அவர் விட்டுக்கொடுத்த சராசரி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 10.64 ரன். ஒரு பருவத்தில் ஐம்பது இன்னிங்ஸாவது வீசிய ஒருவருக்கு அதைவிட மோசமான பருவம் கிடையாது. மறுவருடம் அவரைக் கீழே, கீழே என்று தள்ளி, புளோரிடாவில் டனீடினில் ஆடும் சின்ன அணிவரைக்கும் இறக்கினார்கள். அங்கே மெல் குயின் என்ற பயிற்சியாளர் அவர் கை வரும் கோணத்தையே மாற்றினார். 2003இல் 22 வெற்றி, சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது.

2009 டிசம்பரில் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். அடுத்த வருடமே அந்த அணிக்காக ஒருவரைக்கூட பேஸுக்கு விடாத ஒரு முழுமையான ஆட்டம், பிளேஆஃப்பில் ஒரு நோ-ஹிட்டர். எனக்குக் கோபம் வரவில்லை. பன்னிரண்டு பருவம் இங்கே வீசியவருக்கு ஒரு அக்டோபர் ஆட்டத்தைக்கூட நம்மால் கொடுக்க முடியவில்லையே! 2017 நவம்பரில் அவர் தானே ஓட்டிய சிறு விமானம் கடலில் விழுந்து இறந்தார். ஹால் ஆஃப் ஃபேமில் உள்ள அவருடைய பட்டயத்தில் தொப்பியில் எந்த அணியின் சின்னமும் இல்லை. அவருடைய 32ஆம் எண்ணை நாம் ஓய்வுபெற வைத்தோம், அதுவரை சரி.

மொன்றியல்

உங்கள் பஞ்சக் கதைகளைப் படித்தால் சிரிப்பு வருகிறது. உங்களுக்கு அணியாவது இருந்தது.

1994 ஆகஸ்ட் 12இல் வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று எங்கள் ஊர் அணியான எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வி. லீக் முழுவதிலும் அதுவே மிகச் சிறந்த கணக்கு. அந்த வருட வேர்ல்ட் சீரிஸையே ரத்து செய்துவிட்டார்கள். 2004 பருவத்தோடு அணியும் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. அதற்குப் பிறகு ரொறன்ரோவை ஆதரிப்பதா? மொன்றியலில் இருப்பவனிடம் அதைக் கேட்கவே கூடாது.

ஆனாலும் மாட்டிக்கொண்டேன். 2018 மார்ச்சில் ஒலிம்பிக் மைதானத்தில் புளூ ஜேஸுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் ஒரு கண்காட்சி ஆட்டம். விளாடிமிர் கெரெரோ ஜூனியர் அப்போது பெரிய லீக்குக்கே வரவில்லை, பத்தொன்பது வயது. எக்ஸ்போஸில் தன் அப்பா அணிந்த 27ஆம் எண்ணோடு இறங்கினார். 1999இல் இந்த ஊரில் பிறந்த பையன். 0–0 என்று இருந்த ஆட்டத்தை ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரே ஹோம் ரன்னில் முடித்தார். கணக்கில் சேராத ஆட்டம்தான். என் பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரத் தாத்தா வாய்விட்டு அழுதார். அதன்பிறகு நான் ரொறன்ரோ ரசிகன் அல்லன், கெரெரோ வீட்டு ரசிகன்.

பிரம்ப்டன்

எனக்கு 2015 அக்டோபர் 14. பிளேஆஃப்பில் டெக்சஸுடன் ஐந்தாவது ஆட்டம். பல்கலைக்கழகக் கேன்டீனில் நின்றபடியே பார்த்தேன். அந்த ஏழாவது இன்னிங்ஸ் மட்டும் 53 நிமிடம் நடந்தது. முன்பாதியில் நம் கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி) ரசல் மார்ட்டின் பந்தைத் திருப்பி எறிந்தபோது அது அடிப்பவரின் மட்டையில் பட்டு உருண்டது, டெக்சஸுக்கு ரன் போனது. ரசிகர்கள் மைதானத்துக்குள் பியர் கேன்களை வீசினார்கள். குழந்தைகள் உட்கார்ந்திருந்த இடங்களிலும் அவை விழுந்தன. இதைப் பெருமையாக யாரும் சொல்ல வேண்டாம். பின்பாதியில் டெக்சஸ் அடுத்தடுத்து மூன்று பந்துகளைக் கோட்டைவிட்டது. பிறகு ஹோசே பாட்டீஸ்ட்டாவின் மூன்று ரன் அடி, அடித்ததும் மட்டையைத் தூக்கியெறிந்த அந்த வீச்சு. எனக்குப் பின்னால் நின்ற பேராசிரியர் ஒருவர் மேசைமேல் ஏறினார்.

ஆனால் என் நண்பர்கள் எல்லோரும் பேச விரும்புவது 2025ஐப் பற்றித்தான், யாரும் தொடங்கமாட்டார்கள். வேர்ல்ட் சீரிஸில் லொஸ் ஏஞ்சலஸுடன் ஏழாவது ஆட்டம், நவம்பர் 1. நம் வீட்டு மைதானம். ஒன்பதாவது இன்னிங்ஸில் 4–3 முன்னிலை, இன்னும் இரண்டு அவுட் எடுத்தால் கோப்பை. அவர்களின் மிகெல் ரோஹாஸ் சமன் செய்தார். பின்பாதியில் மூன்று பேஸும் நிரம்பி, ஒரே அவுட். நம் வார்ஷோ தரையோடு அடித்தார். அதே ரோஹாஸ் தடுமாறியபடி பந்தை, ஓடிவருபவர் ரன்னுக்காகத் தொட வேண்டிய ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். மூன்றாவது பேஸிலிருந்து ஓடிவந்த நம் கைனர்-ஃபலெஃபா நூலிழையில் அவுட். பதினோராவதில் அவர்களின் கேட்சர் வில் ஸ்மித்தின் ஹோம் ரன், 5–4, முடிந்தது. முந்தின இரவு ஆறு இன்னிங்ஸ் வீசிய அவர்களின் யமமோட்டோ மறுபடி வந்து நம்மை முடித்துவைத்தார்.

அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கைனர்-ஃபலெஃபா மூன்றாவது பேஸை விட்டு ஏன் அவ்வளவு குறைவாக நகர்ந்து நின்றார்?

தொடங்கியவர்

அப்படி நில் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நேராகப் பறக்கும் பந்தை மூன்றாவது பேஸ்காரர் பிடித்துவிட்டால், ஓடியவர் திரும்ப முடியாமல் இரட்டை அவுட் ஆகிவிடும் என்ற பயம். பயம் நியாயம்தான். ஓர் அடி கூடுதலாக நின்றிருந்தால் என்று என் மகன் இன்னும் சமையலறையில் டைல்ஸை அளந்து காட்டுகிறான்.

எற்றோபிக்கோ

ஓர் அடி கூடப் போயிருந்தாலும் அவர் காலை முன்னால் நீட்டிச் சறுக்கியதில் நேரம் போனது. நேராக ஓடிப்போய் மிதித்திருக்க வேண்டும்.

மார்க்கம்

ஐயா, பேஸ் நிரம்பியிருந்ததால் அங்கே ஓடிவருபவரைப் பந்தால் தொடக்கூட வேண்டியதில்லை, பந்தைப் பிடித்த கேட்சரின் கால் பிளேட்டில் இருந்தால் போதும். மறுபார்வையில் வில் ஸ்மித்தின் கால் மேலே எழும்பித் திரும்ப வந்து பட்டதைப் பார்த்தீர்களா? அந்தப் படத்தை இங்கே மட்டும் யாரும் போட்டுவிடாதீர்கள்.