சிங்கப்பூர் போவதற்குள் விரிந்துவிடும் குண்டுமல்லி: திருச்சி வழி அனுப்பலாமா?

வணக்கம். சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் விடியற்காலை எடுக்கும் குண்டுமல்லி மொட்டு, பெட்டிக்கு 10 கிலோ, சென்னை வழியாகச் சிங்கப்பூர் போகிறது. மூன்று வாரமாகப் பெட்டியைத் திறந்தால் பாதி விரிந்து, இதழ் ஓரம் பழுப்பேறிக் கிடக்கிறது.

பறக்கும் நேரம் குறைவுதான். சென்னை–சிங்கப்பூர் ஏறக்குறைய 2,900 கி.மீ., நாலேகால் மணி நேரம். (டிக்கெட்டைப் பார்த்தால் ஆறேமுக்கால் மணி போலத் தெரியும், அங்கே கடிகாரம் இரண்டரை மணி முந்தி.) நேரத்தைத் தின்பது தரைதான்: சேலம்–சென்னை 340 கி.மீ., வேனில் ஆறரை மணி, பிறகு கார்கோ ஷெட்டில் ஐந்து மணி காத்திருப்பு.

தெர்மாகோல் பெட்டியில் நாலு ஜெல் ஐஸ் பேக் வைத்தோம். பேக் பட்ட மொட்டெல்லாம் கருகியது. நடுவே செய்தித்தாளை இரண்டு மடிப்பாக விரித்ததும் கருகல் நின்றது, விரிவது நிற்கவில்லை. பாலித்தீன் உறையில் ஓட்டை போடாவிட்டால் உள்ளே நீர் முத்துமுத்தாகக் கோத்துப் பூ அழுகுகிறது, போட்டால் வாடுகிறது. இரவு விமானத்துக்கு மாற்றியும் பலனில்லை.

திருச்சி சுமார் 140 கி.மீ., மூன்று மணி நேரம்தான். அங்கிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 3,000 கி.மீ., பறக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதேதான்.

திருச்சி வழியாக உதிரிப்பூ அனுப்புகிறவர்களே, பெட்டியை ஒப்படைத்ததிலிருந்து விமானம் கிளம்பும்வரை அங்கே உண்மையில் எத்தனை மணி நேரம் ஆகிறது?