அஜின்கோர்ட்டில் வென்றது நெடுவில்லா, சேறா?

கரிசல்காடு:
1415 அக்டோபர் 25 அன்று பிரான்சில் உள்ள அஜின்கோர்ட்டில் இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றியின் சிறிய படை, நெடுவில்லால் பிரெஞ்சுக்காரர்களின் கவசத்தைத் துளைத்து வென்றது என்று போர் வரலாறு பேசுகிற எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 160 பவுண்டு இழுவிசை உள்ள வில்லால், பழைய முறையில் செய்த மார்புக் கவசத்தின் மீது எய்து பார்த்த சோதனை ஒன்று 2019இல் காணொளியாக வந்தது. ஓர் அம்புகூடத் தகட்டைத் துளைக்கவில்லை. முதல்நாள் இரவெல்லாம் மழை. உழுதுபோட்ட வயல். இரண்டு பக்கமும் காடு. அந்த இடுக்கில், இரும்பு போர்த்தியவர்கள் சேற்றில் கால் புதைந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். வில்லாளிகளே கடைசியில் வில்லைப் போட்டுவிட்டு, வாளும் சம்மட்டியும் எடுத்துத்தான் அடித்தார்கள். வென்றது சேறு.

நாணொலி:
அண்ணே, மார்புத் தகடு மட்டுமா மனிதன்? கை, கால், அக்குள், முகமூடியின் கண்துளை எல்லாம் இருக்கிறதே. குதிரைக்கு உடம்பு முழுக்கக் கவசம் கிடையாது. அடிபட்ட குதிரைகள் திரும்பி ஓடி, பின்னால் வந்த சொந்தக் காலாட்படையையே மிதித்தன. 5,000 வில்லாளிகள் நிமிடத்துக்கு 6 அம்பு விட்டாலே 30,000 அம்பு. அதற்குள் தலையைக் குனிந்தபடி, முகமூடியை இறக்கிவிட்டு, மூச்சுமுட்ட நடந்து வருபவனுக்குத் தகடு துளைபட வேண்டிய அவசியமே இல்லை.

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். அன்று காலை இரு படையும் வெகுநேரம் அசையாமல் நின்றன. பிரெஞ்சுக்காரர்கள் அவசரப்படவில்லை, எதிரில் இருந்த ஆங்கிலேயர்கள் பசியிலும் வயிற்றுக்கடுப்பிலும் வாடிக்கொண்டிருந்தார்கள். ஹென்றிதான் படையை அம்பு எட்டும் தூரத்துக்கு முன்னே நகர்த்தி, குதிரைகளைத் தடுக்க நட்டிருந்த கூர்க்கழிகளை மறுபடி நடவைத்து, எய்யச் சொன்னார். அந்த அம்பு தாங்காமல்தான் அவர்கள் பாய்ந்து வந்தார்கள். சேறு யாரையும் கூப்பிடவில்லை அண்ணே, இறக்கிவிட்டது வில்.

கரிசல்காடு:
அம்பு அவர்களைக் கிளப்பியது, சரி. அப்படியானால் அதே பிரான்சில் நடந்த பத்தே போரைப் பாருங்கள் தம்பி. 1429 ஜூன் 18. அதே நெடுவில், அதே ஆங்கிலேயர்கள். மான் ஒன்று குறுக்கே ஓட, வில்லாளிகள் போட்ட கூச்சல் அவர்கள் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது என்று அக்காலப் பதிவு சொல்கிறது. கழி நட்டு முடிப்பதற்குள் பிரெஞ்சுக் குதிரைப்படை மேலே விழுந்துவிட்டது. ஆங்கிலத் தளபதி டால்பட்டே பிடிபட்டார். 1450இல் ஃபார்மினிப் போரில், பிரெஞ்சுக்காரர்களின் இரண்டு சிறு பீரங்கிகள் தொலைவிலிருந்து சுட்டதும் வில்லாளிகள் தங்கள் அரணை விட்டு வெளியே ஓடிவர வேண்டியதாயிற்று. கழியும் காடும் சேறும் கூட நின்றால்தான் அந்த வில்லுக்கு மதிப்பு.

விரலுறை:
நான் நான்கு வருடமாக நெடுவில் பழகுகிறேன். என் வில் 40 பவுண்டு. நீங்கள் இருவரும் வில்லைப் பற்றியே பேசுகிறீர்கள், இழுத்தவனைப் பற்றி யாரும் பேசவில்லை.

1545இல் இங்கிலாந்தின் சோலென்ட் நீரிணையில் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலில் 137 முழு விற்கள் கிடைத்தன, அம்புகள் 3,500க்கு மேல். விற்கள் எல்லாம் யூ மரம்: வெளிப்பக்கம் இழுபடும் வெள்ளை மரம், உட்பக்கம் அமுக்கத்தைத் தாங்கும் வைரம் பாய்ந்த நடுமரம், இரண்டும் ஒரே கட்டையில். இழுவிசை ஏறக்குறைய 100 முதல் 185 பவுண்டு என்று கணித்திருக்கிறார்கள். ஒருமுறை 70 பவுண்டு வில் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நாண் தாடைவரைகூட வரவில்லை, இரண்டு நாள் தோள்பட்டை வலி.

கைபலம் போதாது. 1549இல் இளம் அரசர் ஆறாம் எட்வர்டின் முன் உரையாற்றிய சமயப் போதகர் ஹியூ லாடிமர் தன் தந்தையை நினைவுகூர்கிறார். கையால் இழுக்காமல் உடம்பையே வில்லுக்குள் கொடுக்கக் கற்பித்தாராம். வயதுக்கும் வலுவுக்கும் தக்க வில் வாங்கித் தந்தாராம். பிள்ளை வளர வளர வில்லும் பெரிதானது. 1363இலேயே மூன்றாம் எட்வர்ட், திருநாட்களில் ஆண்கள் விற்பயிற்சி செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தக் கப்பலில் கிடைத்த எலும்புகளிலும் தோள்பட்டை எலும்பின் நுனி மற்ற பகுதியோடு ஒட்டாமல் தனியாக நின்றிருப்பது வழக்கத்தைவிட அதிகம். சிறுவயது முதல் இழுத்ததன் தடம் அது.

கரிசல்காடு:
அக்கா, அந்த எலும்பு வில்லையே தொடாதவர்களிடமும் அப்படி இருக்கும். அதை மட்டும் வைத்து ஒருவரை வில்லாளி என்று சொல்ல முடியாதே.

விரலுறை:
எலும்பை விட்டுவிடுகிறேன், அது தனிச் சான்றாக நிற்காதுதான். ஆனால் யாராலும் இழுக்க முடியாத விற்களை அரசனின் போர்க்கப்பலில் ஏற்றுவார்களா? 1472 ஆங்கிலச் சட்டப்படி, சரக்கோடு வரும் வணிகர்கள் டன்னுக்கு 4 விற்கட்டை, அதாவது வில் செய்யும் மரக்கட்டை, சேர்த்துக் கொண்டுவர வேண்டும். அந்த அளவுக்கு மரம் தேவைப்பட்டது என்றால் இழுக்கக் கைகள் இருந்தன.

நாணொலி:
அந்தக் கைகள் குறைந்ததும் வில்லும் போயிற்று. துப்பாக்கிக்குச் சில வாரப் பயிற்சி போதும். 1595இல் இங்கிலாந்தின் ஊர்ப் படைகளில் வில்லுக்குப் பதில் துப்பாக்கி எடுக்க ஆணை வந்தது.

கரிசல்காடு:
அக்கா சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், அந்த உடம்புகள் சாதாரணமானவை அல்ல. தம்பி, பிரெஞ்சுக்காரர்களை வயலில் இறக்கியது அம்புதான் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் வென்றது வில் என்பதற்கு இன்னும் தலையாட்ட மாட்டேன். அதே உடம்புகள்தான் பத்தேயிலும் நின்றன.