அனுபவப் பகிர்வு: கோடிங் கருவி ஒன்றால் நடந்து, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

முனையம்:

கிட் என்பது கோடில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி, புஷ் என்றால் அவற்றைச் சர்வரில் ஏற்றுவது, ஃபோர்ஸ் புஷ் என்றால் அங்கே இருப்பதன் மேல் வலுக்கட்டாயமாக ஏற்றுவது. பலருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரே பிராஞ்சில் (கோடின் ஒரு தனிக் கிளையில்) நானும் என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவரும். நான் ரீபேஸ் செய்தேன், அதாவது என் மாற்றங்களை வேறொரு நிலையின் மேல் புதிதாக அடுக்கினேன். புஷ் மறுக்கப்பட்டது. ஏன் என்று பார்க்காமல் ஃபோர்ஸ் போட்டேன். அவர் முந்தின நாள் மாலை ஏற்றிவைத்திருந்த இரண்டு நாள் வேலையின் கமிட்டுகள் (பதிவுசெய்த மாற்றங்கள்) போய்விட்டன. அன்று காலைதான் அவருடைய மடிக்கணினி பழுதுபார்க்கப் போயிருந்தது. அதனால் சர்வரில் இருந்தது தவிர அவரிடம் வேறு பிரதி இல்லை.

மறுநாள் அழைப்பில் அவர், "என் கமிட்டுகளைக் காணோமே" என்றார். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆனால் என் வாயில் வந்தது, "கிட் ஏதோ குழப்பியிருக்கும் போல." நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஒருவர் தன் திரையைப் பகிர்ந்து ஃபெட்ச் அடித்தார், அதாவது சர்வரில் இருப்பதைத் தன் கணினிக்கு எடுத்தார். அந்த வரி வந்தது, முன்னால் ஒரு கூட்டல் குறி, கடைசியில் அடைப்புக்குறிக்குள் "ஃபோர்ஸ்ட் அப்டேட்". அவர் அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது.

வேலை திரும்பக் கிடைத்தது. திரையைப் பகிர்ந்தவர் முந்தின நாள் இரவே ஒருமுறை ஃபெட்ச் செய்திருந்தார். அவருடைய கணினியில் அந்த ரிமோட் பிராஞ்சின் ரீஃப்ளாக்கில் (ஒரு பிராஞ்ச் முன்பு எந்தெந்தக் கமிட்டில் நின்றது என்ற பதிவேட்டில்) பழைய கமிட் எண் அப்படியே இருந்தது. பத்தே நிமிடத்தில் அதைப் புது பிராஞ்சாக எடுத்து ஏற்றிக் கொடுத்துவிட்டார். நானும் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் கமிட்டுகள் போனதற்கு மட்டும். கிட் மேல் பழி போட்டதற்குக் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

பச்சை டிக்:

என்னுடையது ரிவ்யூ, அதாவது ஒருவர் கோடை இன்னொருவர் சரிபார்ப்பது பற்றியது. ஓர் ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்குப் புதிதாக ஒருவர் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பியிருந்தார். நான் 31 கருத்துகள் எழுதினேன். அதில் 28 இடைவெளி, அடைப்புக்குறி எந்த வரியில் தொடங்க வேண்டும், மாறிப் பெயரில் அடிக்கோடு வேண்டுமா வேண்டாமா, இப்படிப்பட்டவை. கவனமாகப் பார்க்கிறோம் என்ற எண்ணத்தில்தான் எழுதினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் கீழே "சரி, திருத்துகிறேன்" என்று எழுதிக்கொண்டே வந்தார். 28 முறை. மறுநாள் பார்த்தால் புல் ரிக்வெஸ்ட்டை அவரே மூடிவிட்டிருந்தார். காரணம் எதுவும் எழுதவில்லை. திரும்ப வரவும் இல்லை.

அவர் சரிசெய்திருந்தது பிப்ரவரி 29 அன்று மட்டும் தேதிக் கணக்குத் தவறும் ஒரு பிழை. சில மாதம் கழித்து அதே பிழை வேறொருவர் கண்ணில் பட்டு, நாங்களே முதலிலிருந்து எழுதினோம். அவர் எழுதியதைவிட நீளமாக வந்தது.

அன்றிலிருந்து என் கருத்து இதுதான்: வடிவம் பற்றி மனிதர் மனிதருக்குச் சொல்லக் கூடாது. கோ மொழி 2009இல் வெளிவந்தபோதே, கோடின் வடிவத்தைத் தானே சீராக்கும் ஃபார்மேட்டரான கோஎஃப்எம்டி கூடவே வந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அதே வேலை செய்யும் பிரிட்டியர் 2017இல் வந்துவிட்டது. சேமிக்கும்போதே அது திருத்திவிடட்டும், யார் மனமும் நோகாது. வரியை உள்ளே தள்ள டேபா ஸ்பேஸா என்பதெல்லாம் பேசவே தேவையில்லாத விஷயம்.

கிளைமாறி:

முனையத்துக்கு. இதே தவறை நானும் செய்திருக்கிறேன், என்னுடையது பாதி நாள் வேலை, அதை விடுங்கள். இனி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் முழுதாகச் சொல்வதில்லை.

வெறும் ஃபோர்ஸ் பழக்கத்தை விட்டுவிட்டு ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த நிலையில்தான் சர்வர் இன்னும் இருக்கிறதா என்று அது சரிபார்க்கும். நடுவில் வேறொருவர் ஏதாவது ஏற்றியிருந்தால் மறுத்துவிடும். பாதிப் பேர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. உங்கள் எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்யும்படி அமைத்திருந்தால், மற்றவரின் கமிட்டை நீங்கள் கண்ணால் பார்க்காவிட்டாலும் கிட் கணக்கில் "பார்த்தாயிற்று". லீஸ் பேசாமல் உள்ளே விட்டுவிடும். அதற்காகவே 2.30 பதிப்பில் ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் என்று ஒன்று சேர்த்தார்கள். சர்வரில் இருப்பது உங்கள் கைக்கு வந்து, நீங்கள் அதைச் சேர்த்துக்கொண்டுதான் வேலை செய்தீர்களா என்று அது உங்கள் ரீஃப்ளாக்கில் தேடிப் பார்க்கும். இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

அப்புறம் முக்கியமான பிராஞ்ச்சுகளில் சர்வரிலேயே ஃபோர்ஸைத் தடுத்துவையுங்கள். ரீஃப்ளாக்கை நம்பி இருக்காதீர்கள். ஒரு பிராஞ்ச்சிலிருந்து எட்ட முடியாமல் போன கமிட்டின் பதிவு இயல்பாக 30 நாள்தான் நிற்கும், எட்ட முடிந்ததற்கு 90 நாள். சர்வரில் உள்ள, வேலைக் கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் இருக்கும் பேர் (bare) ரெப்பாசிட்டரியில் ரீஃப்ளாக் இயல்பாகவே அணைந்திருக்கும், அதனால்தான் உங்களுக்கு இன்னொருவர் கணினி தேவைப்பட்டது. அந்த நண்பர் முந்தின இரவு ஃபெட்ச் செய்யாமல் இருந்திருந்தால் இன்று நீங்கள் வேறு கதை எழுதியிருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு பேர் வேலை செய்யும் பிராஞ்ச்சில் ரீபேஸே வேண்டாம், மெர்ஜ் (பழைய வரலாற்றை மாற்றாமல் இருவர் வேலையையும் இணைப்பது) போதும்.

வரி எண்:

கிளைமாறி சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் முனையம் கட்டளை கேட்கவில்லையே. கடைசி இரண்டு வரியைத் திரும்பப் படியுங்கள்.

என் சம்பவம். கோட் எழுதித் தரும் ஏஐ உதவியாளரை ஒரு வருடமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன், வேலை வேகமாகப் போகிறது என்று மற்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அறிவிப்பு அனுப்பும் சர்வீஸை அழைக்கும் ஒரு ஃபங்ஷன். அது கொடுத்ததைப் படித்தேன், நன்றாகவே இருந்தது, டேப் அடித்து ஏற்றுக்கொண்டேன். 30 விநாடி டைம்அவுட், பதில் வராவிட்டால் மூன்று முறை மறுமுயற்சி.

சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண் ரிவ்யூவில் கேட்டாள்: "இந்த 30 எங்கிருந்து வந்தது, அக்கா?" அவ்வளவுதான் கேள்வி. குற்றம் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "வழக்கமாக வைக்கிற அளவுதான்" என்று எழுதி மெர்ஜ் செய்துவிட்டேன்.

மாதக் கடைசியில் அந்த சர்வீஸ் பதில் தர 40 விநாடி எடுத்தது. வேலையை முடித்துவிடும், பதில்தான் தாமதமாக வரும். நாங்கள் 30இல் விட்டுவிட்டு மறுபடி அனுப்பினோம். ஒவ்வொருவருக்கும் ஒரே அறிவிப்பு நான்கு முறை போனது. ஒரு கோரிக்கையை இரண்டு முறை அனுப்பினாலும் ஒரே விளைவுதான் வர வேண்டும், அதற்கு ஒரு தனி அடையாள எண் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. கையால் எழுதியிருந்தால் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பேன்.

இப்போதும் அதே கருவியைத்தான் பயன்படுத்துகிறேன், அதை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அவள் சரியான வரியில் கை வைத்தாள், நான் பெரியவள் என்ற இடத்தில் இருந்து அந்தக் கேள்வியை மூடினேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவள் என் கோடில் கேள்வியே கேட்கவில்லை.

எஸ்கேப்:

சிறியதுதான். கோட் எழுதும் எடிட்டரான விம்மைத் திறந்தால் முதல் திரையில் ஒரு வரி இருக்கும், உகாண்டாவில் உள்ள ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று. பல வருடமாக அந்தத் திரையைத் தினமும் கடந்து போயிருக்கிறேன். ஒருமுறைகூடப் படித்ததில்லை.

2023 ஆகஸ்ட்டில் பிராம் மோலினார் இறந்த செய்தி வந்தது. 1991இலிருந்து விம்மை வெளியிட்டு வந்தவர். அன்று மாலை வேலை எதுவும் இல்லாமல் விம்மைத் திறந்தேன். அந்த வரி சொல்கிற உதவிப் பக்கத்தைத் தட்டச்சு செய்து முழுவதும் படித்தேன். மென்பொருளுக்குக் காசு கேட்கவில்லை, பிடித்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்கான திட்டத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். என் சம்பளம் முழுவதும் அந்தத் திரை வழியாகத்தான் வந்தது. அவர் இருந்தபோதே படித்திருக்கலாம் என்று இருக்கிறது.

நாற்பது செல்:

பச்சை டிக் எழுதியதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். கடைசி வரி மட்டும் இல்லை. டேபா ஸ்பேஸா என்பது பேசவே தேவையில்லாத விஷயம் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

எங்கள் குழுவில் பார்வையற்ற ஒருவர் சேர்ந்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரும், அதை விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாகத் தரும் பிரெயில் டிஸ்பிளேயும் வைத்து வேலை செய்பவர். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிழையைத் தேடினோம். அவருடைய டிஸ்பிளேயில் ஒரு வரிக்கு 40 செல். ஓர் எழுத்துக்கு ஒரு செல், ஒரு ஸ்பேஸுக்கும் ஒரு செல். எங்கள் கோடில் நான்கு படி உள்ளே போயிருந்த ஓர் இடம், படிக்கு நான்கு ஸ்பேஸ். அவர் விரல் இடப்பக்கத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து 16 வெற்று செல்களைத் தாண்டிப் போய்த்தான் முதல் எழுத்தைத் தொட்டது. வரி முடியும் முன்பே டிஸ்பிளே முடிந்துவிட்டது. அடுத்த துண்டுக்கு பட்டனை அழுத்தினார். அடுத்த வரி, மறுபடி 16. டேபாக இருந்தால் படிக்கு ஒரு செல், நான்கோடு முடிந்திருக்கும்.

"இது உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா, ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "முந்தைய இடத்தில் சொன்னேன், டேப்-ஸ்பேஸ் சண்டை போடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். அதற்கப்புறம் சொல்வதில்லை" என்றார்.

அந்த விரல் நகர்ந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. டேப் வைத்தால் பார்க்கிற நமக்கும் நஷ்டம் எதுவும் இல்லை, இரண்டோ நான்கோ எட்டோ அவரவர் எடிட்டரில் அகலத்தை அமைத்துக்கொள்ளலாம். பைத்தானில் நான்கு ஸ்பேஸ்தான் வழக்கம் என்று சொல்வார்கள், தெரியும். அங்கேயும் ஒரு திட்டம் தனக்கென்று டேபை வைத்துக்கொள்ள மொழி தடுக்கவில்லை, இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். ஃபார்மேட்டர் ஓர் அமைப்பைத் திணிக்கும் முன் அந்த அமைப்பு யாருக்குப் பொருந்தவில்லை என்று ஒருமுறை கேளுங்கள். இன்னொன்று, பிழைச் செய்தியை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து அனுப்பாதீர்கள். எழுத்தாக ஒட்டுங்கள். ஸ்கிரீன் ரீடர் இல்லாதவர்கள்கூட அதைத் தேட முடியும்.

ஞாயிறு பேட்ச்:

நான் பயன்படுத்தும் ஒரு சிறிய லைப்ரரி (நம் கோடில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த கோட் தொகுப்பு), பராமரிப்பவர் ஒரே ஒருவர். நான் சொன்ன பிழைக்கு ஆறு வாரம் பதில் இல்லை. "இந்தத் திட்டத்துக்கு உயிர் இருக்கிறதா?" என்று எழுதினேன். எழுதும்போது அது கடுமையாகவே படவில்லை, எல்லாரும் எழுதுகிற வாக்கியம்தானே.

நான்கு மணி நேரத்தில் பதில் வந்தது. "அம்மா மருத்துவமனையில் இருக்கிறார், நான் அங்கேதான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்." ஞாயிற்றுக்கிழமை பேட்ச்சும் (பிழைக்கான திருத்தமும்) வந்தது. டெஸ்ட்டோடு, விளக்கத்தோடு. அவசரமில்லை என்று எழுத எனக்கு நான்கு நாள் இருந்தது, வெட்கத்தில் எழுதவில்லை.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவியின் விவகாரம் வெளியே வந்த 2024 மார்ச்சில் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. எஸ்எஸ்ஹெச் வழியாக இன்னொரு கணினிக்குள் நுழைவது அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததால் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்த பின்கதவு (ரகசிய நுழைவழி) பிடிபட்டது. எல்லாரும் அந்த அரை விநாடியைப் பற்றிப் பேசினார்கள். நான் 2022இல் அந்தத் திட்டத்தின் மின்னஞ்சல் பட்டியலில் வந்தவற்றைத் தேடிப் படித்தேன். ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது, வேறொருவரிடம் கொடுங்கள் என்று சிலர் நெருக்கியிருக்கிறார்கள். இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை, எனக்கு மனநலப் பிரச்சினையும் இருக்கிறது என்று பராமரிப்பவர் பதில் எழுதியிருக்கிறார். பின்கதவை வைத்தவருக்குத் திட்டத்தில் இடம் கிடைத்தது அந்தச் சூழ்நிலையில்தான். நெருக்கியவர்கள் எழுதிய வாக்கியங்களும் என்னுடைய வாக்கியமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கிளைமாறி:

வரி எண் சொன்னது சரி. கட்டளை தெரிந்திருந்தால் நடந்திருக்காது என்பது எனக்கு முதலில் தோன்றும். ஆனால் மெர்ஜ் போதும் என்பதில் நான் மாறவில்லை.

பச்சை டிக்:

நாற்பது செல், எங்கள் திட்டத்தில் டேபுக்கு மாற்றலாமா என்று இன்று கேட்டிருக்கிறேன். ஒரே கமிட்டில் எல்லாக் கோப்பும் மாறுவதால் பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கிட் கட்டளை) முழுவதும் என் பெயரைக் காட்டும் என்று ஒருவர் ஆட்சேபித்தார். அந்தக் கமிட் எண்ணை பிளேம் கண்டுகொள்ளாமல் விடும் பட்டியலில் சேர்க்கலாம், கிட் 2.23இலிருந்தே அந்த வசதி உண்டு. அதைச் சொல்லியிருக்கிறேன்.

முனையம்:

இங்கே எழுதிய பிறகு அவருக்கே எழுதினேன். கிட் குழப்பவில்லை, நான்தான் ஃபோர்ஸ் போட்டேன், அழைப்பில் பொய் சொன்னேன் என்று. இப்போது அவர் வேறு நிறுவனத்தில் இருக்கிறார். காலையில் பதில் வந்தது. "அன்றைக்கே தெரியுமே. கமிட் போனதும் கிடைத்ததும் எனக்கு மறந்தே போச்சு. அதற்கப்புறம் மூணு வாரம் என் புல் ரிக்வெஸ்ட் எதையும் நீங்கள் ரிவ்யூவுக்கு எடுக்கவே இல்லை, அது ஏன் என்றுதான் புரியவில்லை."