புல மதிப்பிடலா, களக் கணிப்பா?

கம்பியில்லா உணரி (சென்சார்) வலையமைப்புகளைப் பற்றி எழுதும்போது ‘ஃபீல்டு எஸ்டிமேஷன்’ என்பதற்குக் ‘களக் கணிப்பு’ என்று வழங்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. அதன் இரு சொற்களும் பொருளை வேறு பக்கம் இழுத்துச் செல்கின்றன.

ஒரு பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வொரு கணத்திலும் வெப்பநிலைக்கு ஒரு மதிப்பு உண்டு. மண் ஈரத்துக்கும் மாசின் செறிவுக்கும் அப்படியே. இயற்பியல் இதைத்தான் புலம் என்கிறது. உணரிகளோ சிதறிக் கிடக்கும் சில இடங்களில் மட்டுமே, அதுவும் பிழையோடு, அளக்கின்றன; வானலையில் அனுப்புவதற்குக் கணக்கிடுவதைவிடப் பன்மடங்கு ஆற்றல் செலவாவதால், அளந்ததையெல்லாம் அனுப்பவும் மின்கலம் இடங்கொடுப்பதில்லை. அண்டைப் புள்ளிகளின் மதிப்புகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதைப் பற்றிக்கொண்டு, உணரி இல்லாத இடத்தின் மதிப்பையும் அதில் இருக்கக்கூடிய பிழையின் அளவையும் சேர்த்தே வருவிப்பதுதான் இங்கே பேசப்படும் வேலை. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரீக் 1951இல் தங்கத்தாதுவின் தரத்தைச் சில மாதிரிகளிலிருந்து அறியக் கையாண்ட முறையும், அதனை ஜார்ஜ் மாத்தரோன் 1960களில் கணிதமாக வகுத்ததால் நிலைபெற்ற ‘கிரிகிங்’கும் இவ்வகையினவே. அளந்த மதிப்புகளுக்கு இடையே உள்ளதை நிரப்பினாலும் பிழையின் அளவைச் சொல்லாத வெறும் இடைச்செருகலை (இன்டர்போலேஷன்) இதனோடு ஒன்றாக்கக் கூடாது.

களம் என்றால் செயல் நடக்கும் இடம். ‘களத்தில் உணரிகளை நிறுவிக் களத்தைக் கணித்தோம்’ என்று எழுத நேர்ந்தால், முதற்களம் வேறு, இரண்டாவது வேறு என்பது படிப்பவருக்கு எப்படி விளங்கும்? கணிப்பு என்பதோ வரப்போவதை முன்கூட்டிச் சொல்வதாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. இங்கே நாம் தேடுவது இப்போதே இருக்கும், ஆனால் அளக்கப்படாத மதிப்பு.

மின்புலம், காந்தப்புலம் எனப் பாடநூல்களில் ஊன்றிவிட்ட புலம் என்பதையே கொள்ளலாம் என்பது என் கருத்து. இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பையும் நானே சொல்லிவிடுகிறேன்: நிலம், நிலன் என்பவற்றைப் போலப் புலமும் புலனும் ஒன்றன் இடத்தில் ஒன்று வரக்கூடியவை, உணரியைப் பற்றிய கட்டுரையில் ‘புல’ என்று தொடங்கும் தொடர் ஐம்புலனை நினைவூட்டலாம். இந்த மயக்கம் மெய்யானதே. ஆயினும் இன்றைய அறிவியல் உரைநடையில் இரண்டும் பிரிந்துவிட்டன. முதன்முறை ‘வெப்பநிலைப் புலம்’, ‘ஈரப்புலம்’ என்று அடைகொடுத்து எழுதிவிட்டால் ஐயம் எழாது.

ஆகவே செயலுக்குப் ‘புல மதிப்பிடல்’, அதன் விளைவாகக் கிடைப்பதற்குப் ‘புல மதிப்பீடு’ என்று பிரித்துக்கொள்ளலாம். அளவீடுகளிலிருந்து மதிப்பீட்டைத் தரும் கணிதச் சார்புக்கு, உணரி என்பதன் வழியில் ‘மதிப்பிடி’ என்று ஆக்கிப் பார்த்தேன். காதுக்கு அது மதிப்பைப் பிடிக்கச் சொல்லும் ஏவலாகவே ஒலிக்கிறது. ‘மதிப்பீட்டு விதி’ சற்று நீண்டாலும், அதையே பரிந்துரைக்கிறேன்.