புதன் வேதபாடத்துக்கு ஒரே புத்தகத்தை எடுக்கலாமா? எதில் தொடங்குவது?

சங்கானைப் பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சபை சின்னது. குருவானவருக்கு வேறு சபைகளும் பொறுப்பு என்பதால் புதன் பின்னேர வேதபாடத்தை என் தலையில் வைத்துவிட்டார். நான் இறையியல் படித்தவன் இல்லை. மோட்டார் சைக்கிள் சாமான் கடையில் வேலை செய்கிறேன்.

இதுவரை கிழமைக்கு ஒரு தலைப்பு: விசுவாசம், மன்னிப்பு, பொறுமை, நாவடக்கம். ஒவ்வொன்றுக்கும் அங்கொன்று இங்கொன்றாக ஐந்தாறு வசனம். இப்போது கையில் இருந்த தலைப்பெல்லாம் முடிந்துவிட்டது. அண்மையில் பொறுமை இரண்டாம் தரம் வந்தபோது ஒரு அம்மம்மா, “தம்பி, இது மாரி காலத்திலேயும் சொன்னதுதானே” என்றார். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

அதனால் ஒரு புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை போகலாம் என்று நினைக்கிறேன். மூப்பர் ஒருவர் வெளிப்படுத்தல் என்கிறார். கொழும்பில் இருக்கும் நண்பன் ரோமர், அதுவும் வசனம் வசனமாக என்கிறான். வருபவர்களில் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளும் உண்டு, எழுபது தாண்டியவர்களும் உண்டு. ரியூசன், வயல் வேலை என்று எல்லாரும் ஒவ்வொரு கிழமையும் வரமாட்டார்கள். எந்தப் புத்தகம்? எத்தனை கிழமை? வராமல் விட்டவர்களை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற ரீச்சர், வட்டுக்கோட்டை:

தம்பி, வெளிப்படுத்தலும் வேண்டாம், ரோமரும் வேண்டாம். ரூத்தில் தொடங்கும். நாலு அதிகாரம், 85 வசனம். தாழ்ப்பாள் போட்ட கதை இல்லை, கேட்டவுடனே உள்ளே போகலாம். நான் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவள். எங்கள் பெண்கள் கூட்டத்தில் ரூத்தையும் மாற்குவையும் நடத்தியிருக்கிறேன். அந்த அளவில்தான் சொல்கிறேன்.

முதல் கிழமை ஒன்றும் விளக்க வேண்டாம். முழுப் புத்தகத்தையும் சத்தமாக வாசியும். இருபது நிமிடத்துக்குள் முடியும். எங்கள் ஒழுங்கை முனைக் கோயிலில் கந்தபுராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். சனம் சூரன்போர் வரும்வரைக்கும் நாள் நாளாக வந்து இருந்து கேட்கும். நடுவில் பிடித்த பாட்டு இரண்டைப் பிடுங்கிக்கொண்டு எழும்பிப் போகிற வழக்கம் அங்கே இல்லை. எங்கள் ஆட்கள்தான் வருடப் பிறப்புக்கு எடுக்கிற வாக்குத்தத்த அட்டை மாதிரி வேதத்தைத் துண்டு துண்டாகக் கையில் வைத்திருக்கிறோம். ஆகவே நீரும் வாசிக்க ஒருவர், பயன் சொல்ல ஒருவர் என்று இரண்டு பேராகச் செய்யும். வாசிப்பவர் அந்த உயர்தரப் பிள்ளைகளில் ஒருவராக இருக்கட்டும். வீட்டிலே ஒருதரம் வாசித்துப் பழகிக்கொண்டு வரச் சொல்லும், இல்லாவிட்டால் கிலியோனிலும் மக்லோனிலும் நாக்கு இடறும்.

சரி, இப்போது முதலாம் அதிகாரம். இதில்தான் கவனம் வேண்டும். பெத்லகேமில் பஞ்சம், எலிமெலேக்கு குடும்பத்தோடு மோவாபுக்குப் போகிறான், அங்கே அவனும் இரண்டு ஆண்பிள்ளைகளும் சாகிறார்கள், மனைவி நகோமி மோவாபிய மருமகள் ரூத்தோடு ஊர் திரும்புகிறாள். இதைப் பிரசங்கிக்கிற பலர், பெத்லகேம் என்ற பெயரின் பொருளைப் பிடித்துக்கொண்டு, “அப்பத்தின் வீட்டை விட்டுப் போனான், கர்த்தர் தண்டித்தார்” என்று ஒரே அடியாக அடிப்பார்கள். புத்தகத்தைத் திறந்து பாரும். அப்படி ஒரு வரி இல்லை. பஞ்சம் வந்தது, போனார்கள், இறந்தான் என்றுதான் இருக்கிறது. உமக்கு முன்னால் கதிரையில் இருக்கிறவர்களை நினைத்துப் பாரும். யாருடைய பிள்ளை கனடாவில் இல்லை, யாருடைய சகோதரம் பிரான்ஸில் இல்லை? 95ஆம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் முழு வலிகாமமும் தென்மராட்சிக்கு நடந்தது. போனவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு. அந்தச் சனத்திடம் போய், ஊரை விட்டதற்குத்தான் தண்டனை என்று புத்தகம் சொல்லாததைச் சொன்னால் அது பாவம்.

தலைப்பு எடுத்துப் பேசுகிறபோது இந்தச் சிக்கல் வெளியே தெரியாது. “கீழ்ப்படியாமை” என்று தலைப்பு போட்டால் எலிமெலேக்கை ஒரு நிமிடம் கூப்பிட்டு நிறுத்தி, அடித்துவிட்டு அனுப்பலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். புத்தகமாகப் போனால் அடுத்த கிழமையும் அதே வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். நகோமி அங்கே அழுதுகொண்டிருப்பாள். “நிறைவுள்ளவளாய்ப் போனேன், வெறுமையாய்த் திரும்பினேன்” என்று அவள் சொல்வதை அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம். புத்தகம் அவளைத் திருத்தவில்லை. முதலாம் அதிகாரத்துக்கு இரண்டு கிழமை எடும்.

இரண்டாம் அதிகாரத்தில் நீர் கனக்கக் கதைக்கத் தேவையில்லை, வயல் செய்கிறவர்களைக் கதைக்க விடும். ரூத் பொறுக்கின கதிரைத் தட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை என்று இருக்கிறது. மூலத்திலே எப்பா என்ற அளவு, ஏறத்தாழ 22 லீற்றர் என்பார்கள். எங்கள் கூட்டத்தில் வயல் வேலைக்குப் போய் வளர்ந்த ஒரு மாமி இதைக் கேட்டவுடனே தலையை ஆட்டினா. “ஒரு பொம்பிளை ஒரு நாளிலே பொறுக்கி அவ்வளவு வராது. தெரிஞ்சுதான் விட்டிருக்கினம்” என்றா. அவவுக்கு எழுத்து வாசிப்புக் குறைவு. ஒரு வசனம் முன்னுக்குப் போய்ப் பார்த்தால், அவளுக்காகச் சிலவற்றைச் சிந்த விடுங்கள், அதட்டாதிருங்கள் என்று வயல்காரன் போவாஸ் வேலைக்காரருக்குச் சொல்லியிருக்கிறான். மாமி கணக்கால் கண்டுபிடித்ததை நாங்கள் வசனத்தில் கண்டோம். லேவியராகமம் 19இல் வயல் ஓரத்தைத் தீர அறுக்காதே, ஏழைக்கும் பரதேசிக்கும் விடு என்று இருக்கிற சட்டத்தை அதற்குப் பிறகு வாசித்தால் மனதில் ஏறும். முதலே வாசித்தால் நித்திரை கொள்வார்கள்.

மூன்றாம் அதிகாரத்தில் பெடியள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தாண்டிப் போகாதேயும். போவாஸ் ஏன் வீட்டில் படுக்காமல் களத்தில் தானியக் குவியலடியில் படுத்தான் என்று வயதானவர்களைக் கேளும். மெசின் வருவதற்கு முன் சூடு வைத்த இடத்தில் காவலுக்குப் படுத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்புறம், தன்னைக் கலியாணம் செய்யச் சொல்லி, பகலில் கேட்க முடியாத ஒன்றை ஒரு விதவை இரவில் போய்க் கேட்கிறாள், அவளுடைய பெயர் கெடாமல் விடியமுன் அனுப்பி வைக்கிறான் என்பதை நேரே சொல்லும். பொம்பிளைப் பிள்ளைகள் உம்மைவிடக் கூடுதலாக விளங்கிக்கொள்ளுவார்கள்.

நாலாம் அதிகாரம் யாழ்ப்பாணத்தவருக்காகவே எழுதியது போல இருக்கும். காணி விஷயம்! போவாஸ் தன்னைவிட நெருங்கின உரித்துக்காரனைக் கூப்பிட்டு, எலிமெலேக்கின் காணியைப் பற்றி ஊர் வாசலில் பத்து மூப்பர் முன்னிலையில், “நீ வாங்குகிறாயா, இல்லாவிட்டால் நான் வாங்குகிறேன்” என்று கேட்கிறான். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் வைத்த தேசவழமை என்ற எங்கள் யாழ்ப்பாண வழக்குச் சட்டத்திலும், காணி விற்கிறவர் பங்காளிக்கும் உரித்துக்காரருக்கும் முதலில் சொல்ல வேண்டும் என்ற முறை உண்டு. இரண்டும் ஒன்றல்ல. அங்கே லேவியராகமம் 25இன் மீட்பும், இறந்தவனுடைய பெயரை நிலைநிறுத்துகிற உபாகமம் 25இன் முறையும் பின்னால் நிற்கின்றன. ஆனால் அந்த மனுஷன் காணி என்றவுடனே ஓம் என்றதும், ரூத்தும் சேர்ந்து வருவாள் என்றவுடனே பின்வாங்கினதும் எங்கள் ஆட்களுக்கு விளக்கவே தேவையில்லை.

கடைசியில் வருகிற பெயர் வரிசையை விடாதேயும். தாவீதில் முடிகிறது. வம்ச வரலாறு என்று மூடிவிட்டால் கதை குழந்தை பிறந்த சந்தோஷத்தோடு நின்றுவிடும்.

வராதவர்களுக்கு: ஒவ்வொரு கிழமையும் தொடங்கும்போது, போன கிழமை வந்த ஒருவர் நடந்ததை இரண்டு நிமிடத்தில் சொல்லட்டும். நீர் சொல்ல வேண்டாம். வட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுகிற சோலி உம் விருப்பம். ஒருவரும் கேட்பதில்லை.

ரொறன்ரோ_புத்தூரான்:

ரீச்சர், கோபிக்க வேண்டாம். நான் 80களில் வெளிக்கிட்டவன், என்னை நானே அடித்துக்கொள்ள எனக்கும் விருப்பம் இல்லை. ஆனால் புத்தகம் தண்டனை என்று சொல்லவில்லை என்பது கொஞ்சம் இலகுவாகச் சொல்வது. கதை நடக்கிறது நியாயாதிபதிகள் காலத்தில், அவனவன் தன் பார்வைக்குச் சரியானதைச் செய்த காலம். மோவாபியர் கர்த்தருடைய சபைக்கு உட்படக்கூடாது என்று உபாகமம் 23இல் இருக்கிறது. அந்தச் சனத்திடம் போய்ப் பிள்ளைகளுக்குப் பெண் எடுத்தார்கள். நகோமியே கர்த்தருடைய கை எனக்கு விரோதமாயிருக்கிறது என்கிறாளே?

ஓய்வுபெற்ற ரீச்சர், வட்டுக்கோட்டை:

கோபம் ஒன்றும் இல்லை, நல்ல கேள்வி. நகோமி அப்படி உணர்ந்தாள், அதைப் புத்தகம் மறைக்கவில்லை. ஆனால் என்ன குற்றத்துக்காக என்று அவளும் சொல்லவில்லை, கதை சொல்கிறவரும் சொல்லவில்லை. பஞ்சத்துக்கு ஊர் விடுவது எப்போதும் குற்றம் என்றால் ஆதியாகமத்தை என்ன செய்வது? 12ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் கேட்காமலே எகிப்துக்குப் போகிறார். 26இல் கர்த்தர் ஈசாக்கைப் போகாதே என்கிறார். 46இல் யாக்கோபைப் பயப்படாமல் போ என்கிறார். மூன்று பேருக்கும் ஒரே பதில் இல்லை.

உபாகமம் 23ஐக் கொண்டு வந்தது நல்லது. அதைத் தம்பி கட்டாயம் கூட்டத்தில் வாசிக்க வேண்டும், நாலாம் அதிகாரக் கிழமையில். அப்படிச் சட்டம் இருந்தும் ஒரு மோவாபியப் பெண் தாவீதின் பூட்டி ஆகிறாள் என்பதுதான் புத்தகம் போகிற திசை. நீங்கள் போட்ட முடிச்சைப் புத்தகமே அவிழ்க்கிறது. ஆனால் அதற்குக் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

குரு_தென்மராட்சி:

ரீச்சர் சொன்னதில் பெரும்பகுதிக்கு ஓம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தம்பி, இதைப் புதன்கிழமையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு நாட்காட்டியில் வருகிற பாடங்களை நான் விடமாட்டேன். தொடர்ந்து ஒரு புத்தகத்தையே பிரசங்கித்தால், பெரிய வெள்ளிக்கிழமை வரும்போது நாங்கள் எங்கோ ஒரு வம்ச அட்டவணையில் நிற்போம்.

ஞாயிறிலும் புத்தகம் புத்தகமாகத்தான் போக வேண்டும் என்பவர்கள் சபைச் சீர்திருத்தக்காரர் சுவிங்லியையும் கல்வினையும் காட்டுவார்கள். சுவிங்லி 1519 ஜனவரி 1ஆம் தேதி சூரிச்சில் நாட்காட்டிப் பாடத்தை விட்டுவிட்டு மத்தேயுவை முதலிலிருந்து தொடங்கினார். கல்வினை 1538இல் ஜெனீவாவிலிருந்து துரத்தினார்கள். 1541இல் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்தே பிரசங்கத்தைத் தொடர்ந்தார். எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் கல்வின் கிழமை நாட்களிலும் பிரசங்கித்தவர், உபாகமத்துக்கு மட்டும் 200 பிரசங்கம். எங்கள் சனத்துக்குக் கிழமைக்கு ஒன்று. அந்த வேகத்தில் உபாகமத்தைத் தொட்டால் முடியமுன் இன்று ஞானஸ்நானம் எடுத்த குழந்தை முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிவிடும். கொழும்பு நண்பரின் “வசனம் வசனமாக” என்பதற்கும் இதுதான் பதில். கதை எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

பல சபைகள் பயன்படுத்துகிற மூன்று வருடப் பாடப்பட்டியலில் ஒரு வருடம் மத்தேயு, அடுத்தது மாற்கு, அடுத்தது லூக்கா என்று முறை இருக்கிறது. உங்கள் சபையில் அது இருந்தால், ஞாயிறு மாற்கு ஓடுகிற வருடத்தில் புதனும் மாற்குவை எடுங்கள். 16:8க்கு வரமுன் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நாலாம் நூற்றாண்டுச் சீனாய், வத்திக்கான் பிரதிகள் இரண்டிலும் மாற்கு அந்த வசனத்தோடு முடிகிறது, அதற்குப் பின்வரும் வசனங்கள் அவற்றில் இல்லை. சில புதிய மொழிபெயர்ப்புகளில் அடிக்குறிப்பு இருக்கும். அந்த நேரத்தில் ஒரு பிள்ளை போனில் பார்த்துவிட்டுக் கேட்டால் நீங்கள் திகைக்கக் கூடாது.

இன்னொன்று. ரூத் முடிந்தவுடன் யாராவது ஆகாய் எடுக்கச் சொல்லுவார்கள், சின்னப் புத்தகம் என்று. ஆலயத்துக்குக் கூரை மாற்றப் பணம் சேர்க்கிற காலத்தில்தான் எங்கள் ஆட்களுக்கு ஆகாய் ஞாபகம் வரும். “ஆலயம் பாழாய்க் கிடக்க நீங்கள் நல்ல வீட்டில் இருக்கிறீர்களோ” என்ற முதலாம் அதிகாரத்தோடு காணிக்கைத் தட்டு வந்துவிடும். இரண்டாம் அதிகாரத்தில், பழைய ஆலயத்தின் மகிமையைக் கண்ட கிழவர்களுக்குப் புதியது ஒன்றுமில்லாததாகத் தோன்றுவதை ஒருவரும் வாசிப்பதில்லை. எடுப்பதென்றால் இரண்டு அதிகாரத்தையும் எடுங்கள், கட்டட நிதி இல்லாத வருடத்தில்.

சங்கானைப் பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. ரூத்தே எடுக்கிறேன். மூப்பரிடம் சொன்னேன், அவர் வெளிப்படுத்தலை விட்டுத்தரவில்லை, பிறகு பார்ப்போம் என்றார். ரீச்சர், ஒரு சந்தேகம். பயன் சொல்கிற நேரத்தில் ஒருவர் புத்தகத்தை விட்டு வேறெங்கோ போய், தன் மருமகள் கதையைத் தொடங்கினால் என்ன செய்வது? ரூத் என்றால் அது கட்டாயம் வரும்.

ஓய்வுபெற்ற ரீச்சர், வட்டுக்கோட்டை:

வரும், வரும். ஐந்து நிமிடம் விடும். பிறகு, “மாமி, இது எந்த வசனத்தில் இருக்குது?” என்று சிரித்துக்கொண்டு கேளும். எங்களிடம் இதைக் கேட்டுக் கேட்டு, இப்போது நான் வழி தவறினாலும் அவர்களே என்னைக் கேட்கிறார்கள். மூப்பரை முதலாம் கிழமை வாசிக்கக் கூப்பிடும், குரல் நல்லதென்றால். பிள்ளைகள் இரண்டாம் கிழமையிலிருந்து வாசிக்கட்டும். பெரிய எழுத்து வேதாகமம் ஒன்றைக் கையோடு கொண்டு போம். ஏழு மணிக்கு மின்சாரம் நின்றாலும் வாசிக்கலாம்.