தட்டானுக்கு வலைபோல் நரம்பு, ஈக்குச் சில கோடுகள்: ஏன்?

வண்டியூரான்:
வண்டியூர்க் கண்மாய்க் கரையில் இறந்து கிடந்த தட்டான் ஒன்றின் முன்னிறக்கைகளை உருப்பெருக்கியில் பார்த்தேன். தடித்த நரம்புகள் இருபுறமும் ஒத்திருக்கின்றன. விளிம்பை நெருங்க நெருங்க, நரம்புகளுக்கிடையிலான சிறு அறைகளின் வடிவம் இடத்துக்கும் வலத்துக்கும் பொருந்தவில்லை. வீட்டு ஈயின் இறக்கையிலோ எண்ணிவிடக்கூடிய கோடுகளே உள்ளன. பரிணாமத்தில் நரம்புகள் கூடினவா, குறைந்தனவா?

மேலூர் ஆசிரியை:
பெரும்பாலும் குறைந்தன. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, இன்று அழிந்துபோன பாலியோடிக்டியோப்டெரா என்ற வரிசைப் பூச்சிகள் பலவற்றின் இறக்கையில் முதன்மை நரம்புகளுக்கிடையே நெருக்கமான வலைப்பின்னல் இருந்தது. ஈக்களிலும் குளவிகளிலும் அது மறைந்து, சால்சிட் எனும் மிகச் சிறு குளவிகளில் முன்விளிம்பை ஒட்டி ஏறக்குறைய ஒற்றை நரம்பே எஞ்சியது. ஆனாலும் எஞ்சியவை அதே பழைய நரம்புகள்தாம் என்ற அடிப்படையில் பூச்சியியலாளர்களான காம்ஸ்டாக்கும் நீடமும் 1898-இல் எல்லாப் பூச்சிகளுக்கும் பொதுவான பெயர்முறையை வகுத்தனர். தட்டான் இறக்கையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள்: முன்விளிம்பிலிருந்து வரிசையாக வரும் முதன்மை நரம்புகளில் கோஸ்டா மேட்டில், சப்கோஸ்டா பள்ளத்தில், ரேடியஸ் மீண்டும் மேட்டில் ஓடும். நரம்புகள் இணைந்து குழப்பும் இடங்களில் இந்த மேடுபள்ளமே அடையாளம் காட்டுகிறது.

நாகமலை வாசி:
இடவல வேறுபாட்டுக்கு 2018-இல் வெளியான ஒரு கணினி மாதிரி நல்ல விளக்கம் தருகிறது. முதன்மை நரம்புகளுக்கு இடையில், அருகே வேறு நரம்பு உருவாகாமல் தடுக்கும் மையங்கள் ஓரளவு சீரான இடைவெளியில் தோன்றுவதாகவும், இரு மையங்களின் ஆதிக்கம் சந்திக்கும் எல்லையில், வயலுக்கு வரப்பு விழுவதுபோல், சிறு நரம்பு அமைவதாகவும் அது கொள்கிறது. மையங்களின் இடம் சற்றுத் தற்செயலானது என்பதால், ஒரே உடலின் இரு இறக்கைகளும் ஒத்துப்போவதில்லை.

ஆசிரியை சொன்ன 'குறைந்தன' என்பதை மட்டும் நேர்கோடாகக் கொள்ள வேண்டாம். சுமார் 65 செ.மீ. இறக்கை விரிவு கொண்ட, தட்டானை ஒத்த பழங்காலப் பூச்சியான மெகானியூராவிடம், இன்றைய தட்டானின் இறக்கை நுனியருகே காணும் கருநிறப் பொட்டு இல்லை. மிதந்து பறக்கையில் இறக்கை படபடக்காமல் காக்கும் எடையாகப் பயன்படும் அந்தப் பொட்டு பின்னர் வந்த சேர்க்கை. வெட்டுக்கிளியில் 2012-இல் செய்த சோதனையில், குறுக்கு நரம்புகள் கிழிசலைத் தடுத்து இறக்கையின் உறுதியை ஏறத்தாழ 50% கூட்டுவதும் தெரிந்தது. ஆகவே வலைப்பின்னல் வெறும் பழைய மிச்சம் அன்று.

வண்டியூரான்:
அப்படியானால் மழைக்குப் பின் வரும் ஈசலின் இறக்கை?

மேலூர் ஆசிரியை:
வறுக்க எடுத்துப்போகும் முன் ஒன்றைப் பாருங்கள். முன்விளிம்பில் மட்டும் தடித்த நரம்புகள், மற்றவை மங்கல். அடியில் ஒரு பிளவுக்கோடு. ஒருமுறை பறந்து இறங்கியதும் அங்கேயே ஒடித்துவிடும் இறக்கைக்கு அதுவே போதும்.