பிரஷர் இறங்கிவிட்டது என்று அப்பா மாத்திரையைக் குறைத்துவிட்டார்: சரியா?

கேள்வி:
என் தந்தைக்கு 74 வயது. ஒன்பது ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்து வருகிறார். சென்ற மாதம் வீட்டுக் கருவியில் 128/76 என்று வந்ததிலிருந்து, "பிரஷர்தான் இறங்கிவிட்டதே, இனி எதற்கு?" என்று ஒருநாள் விட்டு ஒருநாள்தான் எடுத்துக்கொள்கிறார். இப்போது காலையில் மேல் அளவு 158, மாலையில் 132 என்று ஏறி இறங்குகிறது. எதை நம்புவது என்று தெரியவில்லை. பக்கவாதம் வராமலிருக்கத் தினமும் ஓர் ஆஸ்பிரின் போதும் என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு அதையும் வாங்கி வைத்திருக்கிறார். இன்னொன்று: பத்து நாட்களுக்கு முன் சட்டைப் பொத்தான் போடும்போது அவருடைய வலக்கை விரல்களில் பிடிமானமே இல்லாமல் போனது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டதால், இரவில் கையை மடக்கிப் படுத்திருப்பார் என்று விட்டுவிட்டோம்.

பதில் 1:
பக்கவாதப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் நான். நீங்கள் கடைசியாக எழுதியதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கை மரத்துப்போனால் பெரும்பாலும் ஊசி குத்துவது போன்ற உணர்வு இருக்கும். விழித்து நடமாடிக்கொண்டிருந்தவருக்குப் பொத்தான் போடும் நடுவில் விரல்கள் திடீரென்று பலமிழந்தன என்றால், மூளைக்குச் செல்லும் ரத்தம் சற்று நேரம் தடைப்பட்டு மீண்டிருக்கக்கூடும். மருத்துவர்கள் இதை டிஐஏ என்பார்கள். மினி ஸ்ட்ரோக் என்று பேச்சில் சொல்வதும் இதைத்தான். தானாகச் சரியாகிவிடுவதால் மனம் ஆறுதல் அடைகிறது, ஆனால் அதற்கடுத்த சில நாட்களில்தான் முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து மிக அதிகம். பத்து நாட்கள் கடந்துவிட்டாலும் இன்றே அழைத்துச் செல்லுங்கள். மூளை ஸ்கேன், கழுத்து ரத்தக் குழாய்களில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன், ஈசிஜி ஆகியவை எடுக்கப்படும். மறுபடி முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, சரியாகிறதா என்று காத்திராமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால், மருத்துவமனையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பதில் 2:
மேலே சொன்னதை முதலில் செய்யுங்கள். மாத்திரையைப் பொறுத்தவரை, 128 என்ற அளவு அந்த மாத்திரையால் வந்தது என்பதை உங்கள் தந்தை ஒப்புக்கொள்ள மறுக்கிறார் (என் மாமனாரிடமும் இதே வாதத்தைப் பல மாதம் கேட்டிருக்கிறேன்). வயதானால் பிரஷர் கொஞ்சம் கூடத்தான் இருக்கும் என்று முன்பு மருத்துவர்களே விட்டுவிடுவதுண்டு. 60 வயதைக் கடந்து, மேல் அளவு மட்டும் உயர்ந்திருந்தவர்களிடம் நடந்த ஷெப் ஆய்வின் முடிவு 1991இல் வெளியானபோது, மருந்து எடுத்தவர்களிடம் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்திருந்தது.

அளவு இவ்வளவு மாறுவதற்கு மாத்திரை விட்டுப்போவது ஒரு காரணம் என்றால், அளக்கும் விதம் இன்னொன்றாக இருக்கலாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் வைத்துக்கொண்டு, பேசாமல் அளக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள். சட்டைக் கையின்மேல் பட்டையைச் சுற்றினால் அந்த அளவை நம்ப முடியாது.

ஆஸ்பிரினை அவராகத் தொடங்க வேண்டாம். இதயநோயோ பக்கவாதமோ வராத முதியவர்களிடம் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் (2018) தினசரி ஆஸ்பிரினால் பயன் தெரியவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. டிஐஏ வந்தவரின் கணக்கு வேறு, அவருக்கு அது தேவைப்படலாம். ஆனால் ஸ்கேன் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டிய விஷயம் அது.

கேட்டவர்:
அன்றே அழைத்துச் சென்றோம். ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. 48 மணி நேரம் கருவியை மாட்டிப் பார்த்ததில் இதயத் துடிப்பு இடையிடையே தாறுமாறாவது தெரிந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். ஆஸ்பிரின் வேண்டாம் என்றும், பிரஷர் மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்றும் சொன்னார்கள். ஆனால் எழுந்திருக்கும்போது அவருக்குத் தலை சுற்றுகிறது. கீழே விழுந்தால் ரத்தம் நிற்காதே என்று அம்மா அஞ்சுகிறார்.

பதில் 1:
ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்ற இந்தத் துடிப்புக் கோளாறு பக்கவாத ஆபத்தை ஏறத்தாழ ஐந்து மடங்கு உயர்த்துகிறது. இதயத்தில் தேங்கிய ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விடுகிறது. விழுந்துவிடுவாரோ என்ற அச்சத்துக்காக மட்டும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்துவது பெரும்பாலும் நஷ்டக் கணக்குதான். தலைசுற்றலுக்குத் தனியாக வழி பாருங்கள்: உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷரை அளந்து, மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். எந்த மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்பதை அவர் முடிவு செய்வார். அதுவரை உங்கள் தந்தை கட்டிலின் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டே எழட்டும். இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.